பாசிமணி போன பாதை: அரிக்கமேடு முதல் நம்ம ஆரிச் சட்டம் வரை



ஆரணின்னாலே பட்டுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆனா இன்னைக்கு ஒரு பட்டுப்புடவை விற்றால், அதோடு சேர்ந்து ஒரு ஆரி வேலை ஜாக்கெட்டுக்கும் ஆர்டர் வருது. தறியில் உட்கார முடியாத எத்தனையோ உறுப்பினர்கள் ஆரிச் சட்டத்தின் முன் உட்கார்ந்து வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஜாக்கெட்டின் கழுத்திலும் கையிலும் நாம் தைக்கிற சின்னச் சின்னக் கண்ணாடி மணிகளுக்குக் கடையில் ‘சுகர் பீட்ஸ்’ என்று பேர். பாக்கெட்டில் வெளிநாட்டுப் பேர் போட்டிருக்கும். அதனால் இது எங்கேயோ கண்டுபிடிச்ச சரக்குன்னு நினைக்கிறோம்.

உண்மையில் இந்த மாதிரி மணியை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே செய்து, கடல் தாண்டி அனுப்பிய ஊர்களில் ஒன்று நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் ராத்திரிக்குள் போய்விட்டு வரலாம். புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேடு. அந்தக் கதையையும், அதிலிருந்து நம் தொழிலுக்கு எடுத்துக்கொள்ளக் கூடியதையும் இந்தக் கட்டுரையில் சொல்லப் பார்க்கிறோம்.

ஆற்றங்கரை மேடு

அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், வீராம்பட்டினத்தை ஒட்டி இருக்கிறது அரிக்கமேடு. மழை பெய்து மண் கரைந்தால் அங்கே நிறம் நிறமாய் மணிகள் மேலே வரும். சுற்றுவட்டாரப் பிள்ளைகள் அதைப் பொறுக்கி விளையாடுவார்கள். 1930-களில் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அந்தப் பிள்ளைகளிடமிருந்து மணிகளையும் கற்களையும் காசு கொடுத்து வாங்கினார். அதில் ஒரு கல்லில் ரோமானிய முகம் ஒன்று செதுக்கியிருந்தது. அப்போதுதான் இது சாதாரண மேடு இல்லை என்று புரிந்தது.

1945-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். இத்தாலி நாட்டுப் பானை ஓடுகளும், திராட்சை மது வந்த ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. அவருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் தோண்டினார்கள். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற பெண் ஆய்வாளரின் தலைமையில் மறுபடியும் அகழாய்வு நடந்தது. பழைய கிரேக்க வணிகக் குறிப்பில் ‘பொதுகே’ என்று வருகிற துறைமுகம் இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

அரிக்கமேட்டில் செய்து முடித்த மணிகள் மட்டும் கிடைக்கவில்லை. அறுக்காத கண்ணாடிக் குழாய்கள், உருகி வழிந்த கண்ணாடிக் கட்டிகள், பாழாய்ப் போன மணிகள் எல்லாம் கிடைத்தன. ஒரு வீட்டில் புடவை இருந்தால் அங்கே கட்டுகிறார்கள் என்று அர்த்தம். தார்க்குச்சியும் அறுந்த இழையும் கிடந்தால் அங்கே நெய்கிறார்கள் என்று அர்த்தம். அதே கணக்குதான். கழிவு கிடந்ததால்தான், மணியை இங்கேயே செய்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அரிக்கமேடு மட்டும் இல்லை. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்ற ஊரில் பேராசிரியர் கா. ராஜன் 2009, 2010 ஆண்டுகளில் செய்த அகழாய்வில் 2000-க்கும் மேற்பட்ட கண்ணாடி மணிகளும், கண்ணாடி உலையும் கிடைத்தன. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் உள்ள கொடுமணல், கல்லில் மணி செய்வதற்குப் பேர் போன இடம். கீழடியிலும் கண்ணாடி மணிகள் ஏராளம். 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் நேரில் பார்க்கலாம்.

மணல், உவர்மண், சாம்பல்

கண்ணாடிக்கு முக்கியமான பொருள் மணல். வெறும் மணலை உருக்க ரொம்பப் பெரிய சூடு வேண்டும். அதோடு ஒரு காரத்தைச் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும். அந்தக் காரம் வறண்ட நிலத்தில் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும் உவர்மண்ணிலிருந்து கிடைத்தது. சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுக்க எடுத்த அதே உவர்மண் வகைதான்.

நிறத்துக்கு உலோகம். செம்பு சேர்த்து, காற்று அதிகம் புகாமல் உலையை வைத்தால் செங்கல் நிறச் சிவப்பு வரும். அதே செம்பு, காற்று நன்றாகப் பட்டால் பச்சையாகவும் நீலமாகவும் மாறும். கோபால்ட் கலந்தால் ஆழ்ந்த நீலம். மாங்கனீஸ் கலந்தால் ஊதா. இன்னும் அதிகமானால் கறுப்பு. ஈயமும் தகரமும் சேர்ந்தால் மஞ்சள். நம்ம ஊர்ச் சாயப்பட்டறையில் ஒரே சாயம் தண்ணீருக்கும் சூட்டுக்கும் தகுந்த மாதிரி வேறு வேறாய்ப் பிடிக்கும் இல்லையா? உலையிலும் அப்படித்தான்.

அடுத்தது குழாய் இழுப்பது. நீளமான இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைப் பெரிய கூம்பாகச் சேர்ப்பார்கள். அதன் நடுவே கம்பியைக் குத்தி ஓட்டை போடுவார்கள். பிறகு அந்தக் கூம்பை உலைக்குள் வைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து கொக்கியால் பற்றி இழுப்பார்கள். கண்ணாடி நூல் போல நீண்டுகொண்டே வரும். நடுவில் இருந்த ஓட்டையும் கூடவே நீண்டு வரும். மணிக்கு ஓட்டை போடுகிற வேலையே தனியாகக் கிடையாது. இதுதான் இந்த முறையின் சூட்சுமம். கல்மணியில் ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே ஒரு தடவை இழுத்தால் ஆயிரக்கணக்கான மணிக்கு ஓட்டை தயார்.

குழாய் ஆறினதும் துண்டு துண்டாக வெட்டுவார்கள். வெட்டின துண்டின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அதைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடு காட்டுவார்கள். ஓரம் மட்டும் இளகி உருண்டையாகும். சாம்பல் ஓட்டைக்குள் புகுந்து அடைபடாமல் காக்கும். மணியோடு மணி ஒட்டாமலும் காக்கும். பிறகு சாம்பலை நீக்கி, கழுவி, சல்லடையில் அளவு பிரித்து, சரம் கோர்ப்பார்கள்.

இந்தச் சாம்பல் கதையில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. ஆரி வேலையில் சுகர் பீட்ஸ் தைத்தால் நூல் நிற்கும். கட் பீட்ஸோ நீட்டுக் குழாய் மணியோ தைத்தால் சில மாதத்தில் நூல் அறுந்து மணி உதிரும். ஏன்னா குழாய் மணியின் வெட்டு முனை சரியாய் மழுங்கியிருக்காது. அந்த மணிகளுக்கு இரட்டை நூல் போடுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு உருண்டை மணி வைத்துத் தைத்தால், நூல் கூர்முனையில் உரசாது.

எங்கெல்லாம் போச்சு

பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வாழ்நாள் முழுக்க மணிகளையே ஆராய்ந்தவர். கடுகு அளவிலிருந்து மிளகைவிடக் கொஞ்சம் பெரிய அளவு வரை, ஒரே நிறத்தில், இழுத்த குழாயிலிருந்து செய்த இந்த மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று அவர்தான் பேர் வைத்தார். இலங்கையில் மன்னார் பக்கத்து மாந்தை, தாய்லாந்து, வியட்நாமின் ஓசியோ, கொரியாவின் பழைய கல்லறைகள், ஜப்பான், மேற்கே தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வே வரைக்கும் இந்த வகை மணிகள் கிடைத்திருக்கின்றன. எல்லாம் அரிக்கமேட்டில் செய்தவை என்று சொல்லிவிட முடியாது. தாய்லாந்திலும் வியட்நாமிலும் மாந்தையிலும் பட்டறைகள் இருந்தன. ஆனால் செய்முறை ஒன்றே.

இந்தோனேசியாவின் தீமோர், சும்பா தீவுகளில் செம்பழுப்பு நிற மணிகளை ‘முத்திசாலா’ என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாகக் குடும்பச் சொத்தாக வைத்திருக்கிறார்கள். கல்யாணச் சீரில் அதற்குத் தனி மதிப்பு. நம்ம பக்கமும் அப்படித்தான். குழந்தைக்குத் திருஷ்டிக்குக் கறுப்புமணி. இஸ்லாமியச் சகோதரிகளின் திருமணத்தில் கருகமணி. தெலுங்கு பேசும் வீடுகளில் தாலியோடு கருமணி. தங்கம் வாங்க முடியாத வீட்டிலும் மணி இருந்தது.

கை மாறிய தொழில்

அரிக்கமேட்டுப் பட்டறை மறைந்த பிறகும் இந்தச் செய்முறை மறையவில்லை. ஆந்திராவில் திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடைப்பட்ட பகுதியில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊர் இருக்கிறது. இரும்புக் குழாயில் கூம்பு சேர்த்து, கொக்கியால் இழுத்து, சாம்பலில் உருட்டும் அதே முறையில் அங்கே நம் காலம் வரை மணி செய்தார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த துண்டுகளை வைத்துப் பழைய காலத்தில் எப்படிச் செய்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் புரிந்துகொண்டதே, அந்த ஊர்த் தொழிலாளர்களின் கையைப் பார்த்துத்தான். ஏட்டில் எழுதாத அறிவை ஒரு ஊர் தன் கையிலேயே காப்பாற்றி வைத்திருந்தது.

ஆனால் சந்தை வேறு பக்கம் போய்விட்டது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் இழுத்த குழாய் மணி செய்யத் தொடங்கினார்கள். பிறகு பொஹீமியா, அதாவது இன்றைய செக் நாடு, இந்தத் தொழிலில் பெரிய ஆளானது. பின்னால் ஜப்பான். குழாய் இழுக்கவும் வெட்டவும் இயந்திரம் வந்தது. ஒவ்வொரு மணியும் ஒரே அளவில் வந்தது. அப்புறம் பிளாஸ்டிக். உலைக்கு விறகு, நாள் முழுக்க அனல் முன்னால் நிற்கும் ஆள் கூலி, இதையெல்லாம் போட்டுப் பார்த்தால் கைமணி விலையில் தோற்றுப்போகும்.

இதைப் படிக்கும்போது நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்குன்னு உங்களுக்குத் தோணும். விசைத்தறி வந்து கைத்தறியை அமுக்கியதைப் பார்த்தவர்கள் நாம். கைத்தறிக்கு 1985-ல் ரகங்களை ஒதுக்கி ஒரு சட்டமாவது வந்தது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. வாரணாசியில் விளக்குச் சுடரில் கம்பியைச் சுற்றிச் செய்யும் கண்ணாடி மணிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

கோர்த்த கை யாருடையது?

பாப்பாநாயுடுபேட்டையில் உலை முன் நின்று குழாய் இழுத்தவர்கள் ஆண்கள். சரம் கோர்த்தது பெரும்பாலும் பெண்கள், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து. மணி எந்த ஊரில் செய்தது, எந்தக் கப்பலில் போனது என்று இன்று ஆராய்ச்சி இருக்கிறது. கோர்த்த கையைப் பற்றி ஒரு வரி இல்லை.

தறி வீடுகளில் தார் சுற்றுவது யார்? பாவு புணைக்கும்போது கூட நிற்பது யார்? புடவைக்குக் கூலி பேசும்போது அந்த உழைப்புக்குத் தனியா ஒரு ரூபாய் எழுதுறாங்களா? ‘அது வீட்டு வேலைதானே’ன்னு போயிடும். ஆரி வேலையிலும், ஜாக்கெட் கடைக்காரர் வாங்கும் விலை ஒன்று, சட்டத்தில் உட்கார்ந்தவர் கைக்கு வருவது ஒன்று. மணி வரலாறு நமக்குக் காட்டுவது இதைத்தான்: கடைசிக் கை வேலை கணக்கில் ஏறாவிட்டால், அந்தக் கை வரலாற்றிலும் ஏறாது.

நரிக்குறவர் சமூகப் பெண்களை இங்கே நினைக்க வேண்டும். ஊசிமணி பாசிமணி என்று தெருத்தெருவாக, திருவிழா திருவிழாவாக மணிச்சரத்தை விடாமல் கொண்டுவந்து நம் கையில் சேர்த்தவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்த சட்டம் 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அவர்களிடம் பேரம் பேசும்போது, நம்மிடம் கடைக்காரர் பேசுகிற பேரத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

வரலாறு தெரிந்தால் சரக்கும் தெரியும். கண்ணாடி மணியைக் கன்னத்தில் வைத்தால் குளிரும். ஒன்றோடு ஒன்று தட்டினால் கணீர் என்று கேட்கும். பிளாஸ்டிக் குளிராது, மந்தமாகத் தட்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் குமிழியும் கோடும் ஓட்டையின் திசையிலேயே நீளமாக ஓடினால், அது இழுத்த குழாயில் செய்த மணி. ஓட்டையைச் சுற்றி வளையம் வளையமாக இருந்தால், கம்பியில் சுற்றிச் செய்தது. நடுவில் தையல் மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அச்சில் வார்த்தது.

எல்லாத்தையும் விட முக்கியமானது சாயம். கண்ணாடியிலேயே நிறம் கலந்திருந்தால் அது போகாது. மேலே பூசின நிறம் போய்விடும். ஆரணிப் பட்டு மெல்லிசு. ஒரு மணி சாயம் விட்டாலும் துணியே பாழ். புது பாக்கெட் வாங்கினதும் பத்து மணியை எடுத்து ராத்திரி முழுக்க சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் வெள்ளைத் துணியில் தேயுங்கள். இன்னும் பத்தை ஒரு வாரம் வெயிலில் வைத்து, பாக்கெட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தாலும் பூச்சு நிறம் வந்துவிடும். கனமான மணி வேலைக்கு உள்ளே லைனிங் துணி கொடுக்காமல் தைக்கவே கூடாது. பட்டு இழுபட்டு நைந்துவிடும்.

தானே செய்ய நினைப்பவர்களுக்கு

சுடரில் மணி செய்யும் பயிற்சிக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வையுங்கள். இது சமையலறையில் செய்கிற வேலை இல்லை. காற்றோட்டமான தனி இடம், எரியாத மேஜை, பக்கத்தில் மணல் வாளி வேண்டும். பருத்தி உடை போடுங்கள், நைலான் வேண்டாம். முந்தானையையும் முடியையும் இறுக்கிக் கட்டுங்கள். சுடருக்கு முன் போடத் தனிக் கண்ணாடி விற்கிறது. வெயில் கண்ணாடி அதற்கு உதவாது.

கம்பியில் களிமண் குழம்பு தடவிக் காயவைத்த பிறகுதான் கண்ணாடியைச் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் மணி கழலாது. பாட்டில் கண்ணாடியையும் வளையல் கண்ணாடியையும் ஒரே மணியில் கலக்காதீர்கள். இரண்டும் ஆறும்போது வேறு வேறு அளவில் சுருங்கும், விரிசல் விடும். செய்த மணியை வெளியில் வைத்தால் மேல்புறம் சீக்கிரம் ஆறி, உள்ளே சூடு நிற்கும். இன்று நன்றாக இருந்து நாளைக்கு இரண்டாய்ப் பிளக்கும். சூடான சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். பெரிய மணிக்கு, சூடு அளந்து குறைக்கும் சூளை அவசியம். ஓட்டைக்குள் ஒட்டியிருக்கும் களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து எடுங்கள். உலர்ந்த தூள் நுரையீரலுக்குக் கெடுதல்.

கடையில் அடுக்கும் விதம்

கண்காட்சியில் நம் ஸ்டாலில் எல்லாச் சரத்தையும் ஒரே ஆணியில் குவித்துத் தொங்கவிடுகிறோம். வாங்க வந்தவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் நகர்ந்துவிடுவார். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்களை வைத்திருக்கிறார்கள். போனால், வைத்திருக்கும் முறையையும் கவனியுங்கள். ஒரு சின்ன மணியும் தனியாக வைத்தால் பெரிதாகத் தெரியும்.

ஒளி ஊடுருவும் மணிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர வேண்டும். ஜன்னல் பக்கம் தொங்கவிடுங்கள். ஊடுருவாத மணிக்கு முன்னாலிருந்து வெளிச்சம். மஞ்சள், வெள்ளை, சிவப்புக்குக் கறுப்புத் துணி விரியுங்கள். நீலம், ஊதா, கறுப்புக்கு வெளிர்த் துணி. ஜரிகைத் துணியின் மேல் மணி வைத்தால் ஜரிகைதான் தெரியும், மணி தெரியாது. நிறம் நிறமாகப் பிரித்து, கண் மட்டத்தில் வையுங்கள். ஒரு சரம் தொட்டுப் பார்க்க வெளியிலேயே இருக்கட்டும். பக்கத்தில் நாலு கடுகும் நாலு மிளகும் வைத்தால் அளவு சொல்லவே வேண்டாம். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு இருக்க வேண்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் போய்விடுவார்கள். கூடவே ஒரு சின்ன அட்டையில், ‘இதைக் கோர்த்தவர்’ என்று உறுப்பினர் சம்மதத்தோடு பேர் எழுதுங்கள்.

விலை போடும் கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு மாலைக்கு மணி 150 ரூபாய், நூல், கொக்கி 20 ரூபாய். கோர்க்க 4 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் என்று வைத்தால் கூலி 240. போக்குவரத்து, ஸ்டால் பங்கு 30. மொத்தம் 440. பக்கத்துக் கடையில் 300-க்குக் கிடைக்குதேன்னு நாமும் 300-க்குக் கொடுத்தால், நம் கூலி 240 இல்லை, வெறும் 100. வித்தாச்சுன்னு சந்தோஷப்படுவோம், உண்மையில் நம் கையிலிருந்து 140 ரூபாய் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். விலையைக் குறைக்க வேண்டுமானால் மாலையைச் சின்னதாக்குங்கள், வேலையை எளிதாக்குங்கள். கூலியைக் குறைக்காதீர்கள்.

நாம் எழுத வேண்டிய ஏடு

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1997-ல் மகளிர் திட்டம் வந்து மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அந்தக் குழுக்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த முதல் பழக்கம், தீர்மான நோட்டில் எழுதுவது. யார் வந்தார்கள், யார் எவ்வளவு கட்டினார்கள், யார் என்ன சொன்னார்கள் எல்லாம் பேரோடு, கையெழுத்தோடு. அதே நோட்டில் தொழிலையும் எழுதுவோம். எந்தப் பூ வேலையை யார் முதலில் போட்டார், எந்தத் தையலுக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கடை மணி சாயம் விடவில்லை. பதினைந்து நிமிஷ வேலைதான், மாசக் கூட்டத்தில் முடிச்சிடலாம்.

அரிக்கமேட்டில் மணி கோர்த்தவள் பேர் நமக்குக் கிடைக்காது. அவளுக்கு நோட்டு இல்லை. நமக்கு இருக்கு.